மேனேஜர் நாற்காலி காலியாகிறது, உட்காரலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 34. திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தேன். கணவரின் வேலை விசாவில் 2021-ல் இங்கிலாந்து வந்தோம், இப்போது லங்காஷயரில் இருக்கிறோம். நான்கு பிள்ளைகள் தங்கும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்றரை வருடமாக வேலை. லெவல் 3 டிப்ளமோ முடித்துவிட்டேன், ஏழு மாதமாக சீனியர். எங்கள் மேனேஜர் அடுத்த மாதம் விலகுகிறார். 'நீயே மேனேஜராகிவிடு, லெவல் 5 படிப்புக்கு நாங்கள் பணம் கட்டுகிறோம், இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டால் மட்டும் அதைத் திருப்பித் தரவேண்டும்' என்று முதலாளி ஒரு தாளை நீட்டுகிறார். என் எம்.எஸ்.டபிள்யூ. போதாதா? என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ரிப்போர்ட் எழுதி ஒப்பேற்ற முடியுமா? என்னைவிட இருபது வயது மூத்த வெள்ளைக்கார ஊழியர்கள் நான் சொன்னால் கேட்பார்களா? ஊரில் அம்மா வேறு, 'அவ்வளவு படிச்சிட்டு அங்க போய் ஆயா வேலை பாக்குற' என்று வருத்தப்படுகிறார். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டு எழுதியிருந்தால் உடனே அதன் நகலை வாங்கி வையுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகள் இல்லம் என்றதும் நம் மனதில் நூறு பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு நிற்கும் காட்சி வரும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. தெருவில் மற்ற வீடுகளைப் போல ஒரு சாதாரண வீடு, அதில் மூன்று நான்கு பிள்ளைகள், பெரும்பாலும் பதின்வயதுக்காரர்கள். அநேகமாக எல்லோருக்கும் அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பார்கள். வீட்டில் பாதுகாப்பில்லை என்று கவுன்சில் பொறுப்பெடுத்த பிள்ளைகள், சிலர் ஐந்தாறு வளர்ப்புக் குடும்பங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நடத்துவது பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். வீட்டு விலை மலிவு என்பதால் வடமேற்கில்தான் இந்த இல்லங்கள் அதிகம், அதனால் அங்கே மேனேஜருக்கு எப்போதும் தட்டுப்பாடு. உங்கள் முதலாளியின் அவசரம் அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் திறமை மீது அவருக்கு நம்பிக்கை இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அடுத்த மாதம் என்ற தேதி உங்கள் திறமையைப் பார்த்து வைத்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இந்த வேலையில் அது மேனேஜரின் தனிப்பட்ட தலையில் வந்து விழும். 2015-ம் வருட குழந்தைகள் இல்ல விதிமுறைகளில் 28-வது விதியை எடுத்துப் படியுங்கள், ஒரு பக்கம்கூட வராது. கடந்த ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு வருடம் குழந்தைகளின் இல்லப் பராமரிப்பு சார்ந்த வேலை பார்த்திருக்க வேண்டும், அது உங்களிடம் தாராளமாக இருக்கிறது. பராமரிப்பு ஊழியர்களை மேற்பார்வையிட்டு நிர்வகிக்கும் பொறுப்பில் குறைந்தது ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும், இங்கேதான் இடிக்கிறது. ஏழு மாதம்தான் ஆகிறது உங்களுக்கு. அந்த ஏழு மாதத்திலும் நீங்கள் யாருக்காவது முறைப்படி சூப்பர்விஷன் (தனியாக உட்கார வைத்து அவர் வேலையைப் பற்றிப் பேசுவது) எடுத்தீர்களா, இல்லை ஷிஃப்டில் சாவி மட்டும் உங்கள் கையில் இருந்ததா? சீனியர் என்ற பட்டத்தை வைத்து எண்ண மாட்டார்கள், செய்த வேலையை வைத்துத்தான் எண்ணுவார்கள்.

லெவல் 5 டிப்ளமோ, அதாவது குழந்தைகள் இல்லத்தை நிர்வகிப்பதற்கான படிப்பு, மூன்றாவது நிபந்தனை. அது மேனேஜராக ஆரம்பித்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் முடித்தால் போதும். இதை வைத்துத்தான் பலரைக் கவிழ்க்கிறார்கள். 'சர்டிபிகேட்டை அப்புறம் வாங்கிக்கலாம், முதலில் உட்கார்' என்பார்கள். சர்டிபிகேட்டை அப்புறம் வாங்கலாம்தான், அந்த ஒரு வருட அனுபவத்தை அப்படி அப்புறம் வாங்க முடியாது. 'அதையெல்லாம் ஆஃப்ஸ்டெட்டிடம் பேசிச் சரிக்கட்டிடலாம்' என்று முதலாளி சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். ஆஃப்ஸ்டெட் என்பது இந்த இல்லங்களையும் மேனேஜர்களையும் பதிவு செய்து ஆய்வு செய்யும் அரசு அமைப்பு. அங்கே மேனேஜராகப் பதிவு கேட்கும் விண்ணப்பம் உங்கள் பெயரில் போகும். போலீஸ் சரிபார்ப்பு, உடல்நிலை விவரம், பழைய வேலைகளின் பரிந்துரை எல்லாம் உங்களுடையது. ஆஃப்ஸ்டெட் ஆய்வாளர் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லப் போவதும் நீங்கள்தான், முதலாளி பக்கத்தில் இருக்க மாட்டார். பதிவு பெறாமல் ஒரு இல்லத்தை நிர்வகிப்பது 2000-ம் வருட பராமரிப்புத் தரச் சட்டத்தின்படி குற்றம். இன்னொன்று, அந்தப் பதிவு அந்த ஒரு இல்லத்துக்கு மட்டும்தான், நாளைக்கு வேறு இல்லத்துக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். (இதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகளும் பதிவு செய்யும் அமைப்புகளும் வேறு.)

எம்.எஸ்.டபிள்யூ. விஷயம். லெவல் 5-க்கு இணையான படிப்பு என்று நிறுவனம் கருதினால் அதை ஏற்கலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வாசலில் நுழைய மாட்டேன். திருச்சியில் நீங்கள் படித்தது நம் ஊர்ச் சட்டம், நம் ஊர் நலக்குழு, நம் ஊர்ப் பிரச்சினைகள். இங்கே மேனேஜருக்குத் தெரிய வேண்டியது இந்த நாட்டுச் சட்டம், இந்தக் கவுன்சில், இந்த ஊர் போலீஸ் காணாமல் போன பிள்ளையை எப்படித் தேடும் என்பது. அதற்காக எம்.எஸ்.டபிள்யூ. வீண் என்று நினைக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொல்லாமல் உட்கார அது பழக்கியிருக்கும், அது லெவல் 5-ல் ஒவ்வொரு பாடத்திலும் கைகொடுக்கும்.

லெவல் 5-ல் பரீட்சை ஹால் கிடையாது. அசெஸர் வருவார், நீங்கள் ஸ்டாஃப் மீட்டிங் நடத்துவதைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், நீங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைப் போர்ட்ஃபோலியோவாகச் சேர்க்கச் சொல்வார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பதுதான் அதன் அமைப்பு. ஆகவே எந்த வேலையில் இருந்துகொண்டு படிக்கிறீர்கள் என்பது முக்கியம். டெபுட்டியாக, அதாவது துணை மேனேஜராக, இருந்து படித்தால் தப்புப் பண்ணினாலும் மேலே ஒருவர் பிடித்துக்கொள்வார். மேனேஜராக இருந்து படித்தால் உங்கள் தப்புதான் உங்கள் போர்ட்ஃபோலியோ.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். நான் டெபுட்டியான முதல் வருடம். எங்கள் இல்லத்தில் தினமும் லாக் புக்கில் (அன்றன்று நடந்ததை ஊழியர்கள் எழுதும் நோட்டு) 'இரவு 10 மணி, சமையலறை பூட்டப்பட்டது' என்று ஒரு வரி வரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் படித்ததற்கு அடையாளமாக என் கையெழுத்து. இரண்டு மாதம் இப்படி. 44-வது விதிப்படி மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவார் இல்லையா, அந்த அம்மா ஒரு நாள் லாக் புக்கைப் புரட்டிக்கொண்டே 'சமையலறையை ஏன் பூட்டுகிறீர்கள்?' என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஷிஃப்டில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. பழைய ஃபைலைத் தோண்டினால், முன்பு இருந்த ஒரு பையன் ராத்திரியில் கத்தியை எடுத்துவிட்டான் என்று அவனுக்காகப் போட்ட பூட்டு. அவன் வேறு இடத்துக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது, பூட்டு மட்டும் போகவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதே பக்கத்தில் நாலு வரி மேலே, புதிதாக வந்த பதினோரு வயதுப் பையனைப் பற்றி, 'தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டுகள் கிடைத்தன, உணவைப் பதுக்கும் பழக்கம்' என்று எழுதியிருந்தது. பல நாள் பட்டினி பார்த்துவிட்டு வந்த பிள்ளை, ராத்திரி பத்து மணிக்குச் சமையலறை பூட்டும் சத்தத்தைக் கேட்டுவிட்டு ரொட்டியை எடுத்து வைக்காமல் வேறென்ன செய்வான்? இரண்டு வரிக்கும் சேர்த்து ஒரே பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்றைக்கே பூட்டை எடுத்தோம், அவன் அறையில் ஒரு டப்பாவில் பழமும் பிஸ்கட்டும் வைத்து, தீரத் தீரக் கேட்காமலே நிரப்பினோம். ரொட்டி உடனே நின்றுவிடவில்லை, கிறிஸ்துமஸ் வரை தலையணைக்கடியில் வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பழக்கம் என்று எழுதுவதை நாங்கள் நிறுத்தினோம், அவ்வளவுதான்.

மேனேஜர் பயிற்சி என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நீங்கள் இதுவரை செய்த வேலை பிள்ளையைப் பார்ப்பது. இனி செய்ய வேண்டியது, பிள்ளையைப் பார்க்கிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று பார்ப்பது. இரண்டும் ஒரே வேலையின் பெரிய சைஸ் இல்லை. நல்ல சீனியர்கள் மேனேஜர் ஆனதும் தடுமாறுவது இதில்தான்: பிள்ளை கத்தினால் அறையை விட்டு ஓடிப்போய்த் தாங்களே சமாதானம் செய்வார்கள், அது கைவந்த வேலை, மனசுக்கும் நிறைவு. அதற்குள் மேசையில் மூன்று நாள் லாக் படிக்காமல் கிடக்கும்.

படிக்காத லாக் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த நாட்டில் பெரிய பாடமே இருக்கிறது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1983 முதல் 1989 வரை 'பின்டவுன்' என்ற பெயரில் பிள்ளைகளை நாட்கணக்கில், சிலரை வாரக்கணக்கில், ஓர் அறையில் தனியாக அடைத்து வைத்தார்கள், வெளியே ஓடாதபடி இரவு உடையிலேயே. குறைந்தது 132 பிள்ளைகள். 1991-ல் வந்த விசாரணை அறிக்கையைப் படித்தபோது என்னைத் தூங்கவிடாத விஷயம், இதை யாரும் மறைக்கவில்லை என்பதுதான். ஊழியர்களே லாக் புக்கில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியதும் பழகிவிட்டது, பழகியதும் சரி என்றாகிவிட்டது. இன்றைக்கு மாதா மாதம் வெளியாள் வருவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இல்லத்தின் தரத்தை ஆராய்ந்து 45-வது விதிப்படி அறிக்கை எழுதுவது, இதெல்லாம் தொல்லை என்று புலம்புகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் புலம்பியிருக்கிறேன். அந்தச் சமையலறைப் பூட்டுக்குப் பிறகு குறைத்துக்கொண்டேன்.

பிள்ளையைப் பிடித்துக் கட்டுப்படுத்தும் சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் எழுத வேண்டும், 48 மணி நேரத்துக்குள் மேனேஜரோ அவர் பொறுப்பு கொடுத்தவரோ பிடித்த ஊழியரிடம் பேசிக் கையெழுத்திட வேண்டும், ஐந்து நாளுக்குள் பிள்ளையிடமும் பேசியிருக்க வேண்டும். நேரத்தைக் காப்பாற்றுவது சுலபம், ஃபோனில் அலாரம் வைத்தால் போதும். 'பொருத்தமான முறையில் பிடிக்கப்பட்டான்' என்று ஊழியர் எழுதியிருக்கும்போது, 'யார் எந்தக் கையைப் பிடித்தீர்கள், அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவன் என்ன கேட்டான், நீங்கள் என்ன சொன்னீர்கள்?' என்று முகம் கோணாமல் கேட்கத் தெரிவதுதான் கஷ்டம். பாதி நேரம் பதில் 'ஃபோனைக் கேட்டான், தரமாட்டேன் என்றேன்' என்று வரும். இதை இப்போதே, சீனியராக இருக்கும்போதே, உங்கள் மேனேஜர் போவதற்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறையாவது பாருங்கள்.

இங்கேயே உங்கள் மூத்த ஊழியர்கள் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. அவர்கள் உங்கள் நிறத்துக்கோ வயதுக்கோ கேட்காமல் இருப்பார்களா? ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், பொய் சொல்ல மாட்டேன். அது எல்லை தாண்டினால் எழுத்தில் புகார் கொடுங்கள், 'சகித்துக்கொண்டால் பெரியவள்' என்ற நம் ஊர் வளர்ப்பை அந்த இடத்தில் தள்ளி வையுங்கள். மற்றபடி இருபது வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்த ஒரு அம்மாவுக்கு நீங்கள் உத்தரவு போட்டால் எந்த நாட்டிலும் எடுபடாது, கேள்வி கேட்டால் எடுபடும். சூப்பர்விஷனை அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே முடிக்காதீர்கள், கதவு சாத்திய அறையில், தேதி குறித்து, ஃபோனை வெளியே வைத்துவிட்டு எடுங்கள். போன தடவை பேசியதை நீங்கள் ஞாபகம் வைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம், நம்மிடம் 'அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க' என்று உறவு சொல்லிக் குழையும் வழக்கம் உண்டல்லவா, வீட்டில் அது சரி, அங்கே அது நாளைக்கு நீங்கள் கண்டிக்க வேண்டிய நேரத்தில் குறுக்கே நிற்கும்.

உங்கள் ஆங்கிலம். எனக்கு எழுதிய கடிதத்தைத் தமிழில் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தெளிவு போதும். இந்தத் துறையில் கெட்ட ஆங்கிலம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள்தான், ஆளுக்கொரு சுருக்கெழுத்து, புரியாத சொல். பிள்ளை அம்மாவைப் பார்க்கப் போவதைக் 'கான்டாக்ட்' என்பார்கள், அவன் தங்கும் வீட்டைப் 'பிளேஸ்மென்ட்' என்பார்கள். நீங்கள் 'அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தான், காரில் ஒன்றும் பேசவில்லை, ராத்திரி சாப்பிடவில்லை' என்று மூன்று சின்ன வாக்கியம் எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் ஃபைலை அவன் பிறந்த நாளிலிருந்து 75 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. முப்பது வயதில் அவனே அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம், நிறையப் பேர் படிக்கிறார்கள். அன்றைக்கு அவனுக்குப் புரிய வேண்டும், அவமானமாகவும் இருக்கக்கூடாது. இலக்கணத்தைச் சரிபார்க்க ஆள் கிடைக்கும், இதைச் சரிபார்க்க நீங்கள்தான் வேண்டும்.

இனி பணம். மேனேஜர் சம்பளம் கூடுதல்தான், ஆனால் ஸ்லீப்-இன்னுக்கும் (ராத்திரி இல்லத்திலேயே தூங்கும் டூட்டி) ஓவர்டைமுக்கும் வரும் தொகை பெரும்பாலும் நின்றுபோகும், அதையும் கழித்துக் கணக்குப் போடுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு 'பதினைந்து வயசுப் பெண் இன்னும் திரும்பவில்லை' என்று வரும் ஃபோனுக்குக் காசு கிடையாது. ஆன்-கால் பொறுப்பு வாரத்துக்கு எத்தனை நாள், யாரோடு பகிர்ந்துகொள்வது என்று எழுத்தில் கேளுங்கள். படிப்புச் செலவைத் திருப்பிக் கேட்கும் தாளைப் பொறுத்தவரை, அந்த லெவல் 5-ஐ எந்த வழியில் படிக்க வைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அப்ரென்டிஸ்ஷிப் (வேலையோடு சேர்ந்த அரசுப் பயிற்சித் திட்டம்) வழி என்றால் பயிற்சிச் செலவை உங்களிடம் வாங்கக்கூடாது, பாதியில் விட்டாலும் வாங்கக்கூடாது. நிறுவனம் தன் கையிலிருந்து கட்டுகிறது என்றால், மாதம் ஆக ஆகத் திருப்பித் தரும் தொகை குறைய வேண்டும், அவர்களே உங்களை வேலையை விட்டு எடுத்தால் ஒன்றும் தரவேண்டியதில்லை என்ற இரண்டு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏகாஸ் என்ற அமைப்புக்குப் ஃபோன் செய்தால் வேலை ஒப்பந்தம் பற்றி இலவசமாகச் சொல்வார்கள், கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

ஆகவே என் யோசனை இது. மேனேஜர் பதவியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அடுத்த மாதம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுபவமுள்ள ஒரு மேனேஜரைக் கொண்டு வாருங்கள், என்னை டெபுட்டி ஆக்குங்கள், மூன்று ஊழியர்களின் சூப்பர்விஷனை என் பெயரில் கொடுங்கள், லெவல் 5-ல் இப்போதே சேர்த்துவிடுங்கள், ஒரு வருடம் கழித்துப் பேசுவோம் என்று கேளுங்கள். நல்ல முதலாளியாக இருந்தால் ஆளைத் தேடி அலைந்தாவது ஒத்துக்கொள்வார், ஏனென்றால் தகுதியில்லாத மேனேஜரால் ஆஃப்ஸ்டெட்டில் அடிவாங்கினால் நஷ்டம் அவருக்கும்தான். 'இப்போ இல்லையென்றால் எப்போதும் இல்லை' என்று மிரட்டினால், ஆள் தட்டுப்பாடு இருக்கும் ஊரில் உங்களுக்கு வேறு இடத்தில் டெபுட்டி வேலை கிடைக்கும்.

அம்மாவிடம் ஆஃப்ஸ்டெட், லெவல் 5 எல்லாம் விளக்கி ஜெயிக்க முடியாது, நானும் முயன்று தோற்றவள். அடுத்த முறை வீடியோ காலில், நீங்கள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளில் யாருக்காவது நீங்கள் சாம்பாரோ தோசையோ செய்து கொடுத்த கதை இருந்தால், பெயர் சொல்லாமல் அதைச் சொல்லிப் பாருங்கள். என் அம்மா அதற்கு அப்புறம் 'அந்தப் பையன் சாப்பிட்டானா?' என்று வாராவாரம் கேட்க ஆரம்பித்தார், ஆயா வேலை என்பதை விட்டுவிட்டார். சரி, முழுக்க விடவில்லை, சொந்தக்காரர்கள் முன்னால் இன்னமும் 'ஆபீசர்' என்கிறார்.

முதலாளிக்கு அனுப்பும் மெயிலை மட்டும் ஸ்லீப்-இன் ராத்திரியில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அரைத் தூக்கத்தில் ஆரம்பித்தால் அது 'ஓகே சார், சைன் பண்ணிடறேன்' என்றுதான் முடியும்.